காம்ரேட்ஸ் ஓட ஆசையா? பதிவு போடுவதிலிருந்து வீடு திரும்புவது வரை

முதல் வருஷம் என்னிடம் பதிவு இருந்தது, தகுதி நேரம் இருந்தது, ஃப்ளைட் டிக்கெட் இருந்தது, ஐந்து மாதம் ஓடித் தயாரான கால்களும் இருந்தன. விசா மட்டும் வரவில்லை. ஓட்டம் முடிந்த மூன்றாம் நாள் கூரியரில் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே விசா ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி, 11 மணி 38 நிமிடத்தில் ஓடி முடித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் எங்கெல்லாம் தடுக்கினேனோ அங்கெல்லாம் நீங்களும் தடுக்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: காம்ரேட்ஸ், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் ஓட்டம். பெயரில் மாரத்தான் என்று இருந்தாலும் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், அதாவது இரண்டு மாரத்தானுக்கும் மேல். முழுக்கத் தார் ரோடு, வழியெல்லாம் மேடு பள்ளம், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எண்பத்தொன்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு நேரம் போனால் மெடல் கிடையாது.

இதில் என்ன இழுப்பு என்று என் அம்மா இன்றைக்கும் கேட்கிறார். அறுபது கிலோமீட்டருக்கு மேல் மனசு சுருங்கிச் சுருங்கி அடுத்த விளக்குக் கம்பம் மட்டுமே உலகம் என்று ஆகிவிடும், அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் முதுகில் கை வைத்து "வா, போகலாம்" என்பார், அதற்கப்புறம் எங்கிருந்தோ இன்னொரு பத்து கிலோமீட்டர் வரும். அந்த அனுபவம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் வலியைப் பொறுத்துப் பொறுத்துப் பழகினால்தான் அந்த இடத்துக்குப் போக முடியும், அந்தப் பழக்கமே உடம்பு சொல்லும் எச்சரிக்கையைக் காதில் விழாமல் செய்துவிடும். அதனால்தான் கீழே ஆபத்துகளைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன், அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள்

பெரும்பாலும் ஒரு வருஷம் டர்பனிலிருந்து மேலே, மறு வருஷம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழே. மேலே போவதை அப் ரன் என்றும் கீழே வருவதை டவுன் ரன் என்றும் சொல்வார்கள். டவுன் ரன் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், நான் ஓடியது அதுதான். முதல் பாதியில் ஏற்றம் நிறையவே இருக்கிறது. அப்புறம் அறுபதைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் என்ற இறக்கம் வரும், மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக. ஏற்கெனவே நைந்துபோன தொடைத் தசை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்காது, தொடைதான் கிழியும். அப் ரன்னில் கடைசிப் பக்கம் பாலி ஷார்ட்ஸ் என்ற ஏற்றம், அங்கே ஓடுகிறவர்களை விட நடக்கிறவர்கள்தான் அதிகம். எந்த வருஷம் போகிறீர்களோ அதற்கேற்ற பயிற்சி வேண்டும், இரண்டுக்கும் ஒரே திட்டம் சரிப்படாது.

2. பணம் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்

நிறையப் பேர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும்), சர்க்கரை, ஹீமோகுளோபின் இவ்வளவையும் பார்த்துவிடுங்கள். பெண்கள் ஃபெரிட்டினையும் (உடம்பில் இருக்கும் இரும்புச் சத்துச் சேமிப்பின் அளவு) சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரையில் கிடந்தது, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் லாங் ரன்னில் கால் கனப்பது நின்றது. எல்லாம் சேர்த்து ஆறாயிரம், ஏழாயிரம் ஆகும். வீட்டில் யாராவது இளவயதில் மாரடைப்பில் போயிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. தகுதி நேரம்

ஒரு முழு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்பதுதான் சமீப வருஷங்களின் விதி. செப்டம்பர் வாக்கில் தொடங்கி மே முதல் வாரம் வரை ஓடியதைக் கணக்கில் எடுப்பார்கள், சரியான தேதிகளை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வசதியானவை ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானும் மும்பை மாரத்தானும்தான். ஆனால் ஒரே ஒரு ஓட்டத்தை நம்பி உட்காராதீர்கள். அக்டோபரில் வெளியூரில் ஒன்று ஓடினேன், 4:57. ஜனவரியில் சென்னையில் 4:41. இரண்டாவது வாய்ப்பை விட்டு வைத்திருந்ததால் பிழைத்தேன்.

4:50 என்பது கதவைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான். தகுதி நேரத்தை வைத்துத்தான் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் எந்தத் தடுப்புக் கூண்டில் நிற்க வேண்டும் என்று பிரிப்பார்கள். மெதுவானவர்கள் பின்னால் நிற்க வேண்டும், நான் ஓடியபோது துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து 12 மணி நேரக் கணக்கு ஓடியது, கோட்டைத் தொடுவதற்குள்ளேயே எனக்கு ஏழு நிமிடம் போய்விட்டது. 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அதில் ஏழு நிமிடம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது: இனிஷியல். மாரத்தான் முடிவுப் பட்டியலில் "எஸ். இன்னார்" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் அப்பா பெயராக முழுசாக விரிந்து கடைசியில் நிற்கும், பேங்கில் மூன்றாவது மாதிரி இருக்கும். தகுதி ஓட்டத்துக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் பெயரைக் கொடுங்கள். நேரம் பதிவு செய்யாமல் மகிழ்ச்சிக்காக மட்டும் நடத்தும் ஓட்டங்களும் உண்டு, அவை அருமையானவை, ஆனால் இதற்கு உதவாது.

4. பதிவு

பதிவு வழக்கமாக முந்தைய வருஷம் அக்டோபர் வாக்கில் திறக்கும், முழுக்க ஆன்லைன். தகுதி நேரம் இல்லாமலேயே பதிந்துவிட்டுப் பின்னால் சேர்க்கலாம். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, "ஜனவரி ஓட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றிருந்த இரண்டு நண்பர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் அதிகம், நான் கட்டியது நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டியது. பேங்க் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதல் நாளே திறந்து வையுங்கள், என் கார்டு இரண்டு முறை மறுத்தது. பதிவு உறுதி வந்த மின்னஞ்சலை அப்போதே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விசாவுக்கு அது வேண்டும்.

5. விசா: நான் கோட்டைவிட்ட இடம்

ஓட்டம் ஜூன் முதல் பாதியில் என்றால் மார்ச் கடைசிக்குள் உங்கள் கையில் கோப்பு தயாராக இருக்க வேண்டும். முதல் தடவை நான் ஐந்து வாரம் முன்னால் போட்டேன், போதும் என்று நினைத்தேன். பேங்க் ஸ்டேட்மென்ட் மொபைலில் இறக்கியது, பேங்க் முத்திரை இல்லை. ஆபீஸ் லீவுக் கடிதத்தில் இருந்த தேதியும் டிக்கெட் தேதியும் ஒரு நாள் மாறியிருந்தது. கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தது, அதைக் கொடுத்து மறுபடி வரிசையில் நின்றதில் எல்லா நாளும் கரைந்தது. இரண்டாம் தடவை பத்து வாரம் முன்னால் போட்டேன், நான்காவது வாரம் விசா வந்தது.

கோப்பில் நான் வைத்தவை:

ஊர் திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது 30 நாள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம். பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம், சொன்ன அளவில் ஃபோட்டோ. மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு பக்கத்திலும் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் (இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், கிளை மேலாளர் அன்றைக்கு லீவில் இருப்பார்). வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு. ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் லீவு அனுமதிக் கடிதம். போக வர டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம். ஓட்டப் பதிவு உறுதி, தகுதிச் சான்றிதழ். ஏன் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று ஒரு பக்கத்தில் நானே எழுதிய கடிதம்.

எல்லாக் காகிதத்திலும் பெயர், தேதி இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் பார்த்தால் தெரியாது. விசா முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்கும், அதனால் நடுவில் வேறு வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள். டிக்கெட்டைப் பொறுத்தவரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையை வாங்குங்கள், முதல் வருஷம் எனக்கு அறுபதாயிரத்துக்கு மேல் போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

6. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இன்சூரன்ஸும்

சென்னையிலிருந்து துபாய் வழியாக டர்பனுக்குப் போனால் ஊசித் தொல்லை இல்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் டிக்கெட் சில சமயம் மலிவு, ஆனால் அந்த நாடுகள் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கின்றன. அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பும்போது இந்தியாவும் கேட்கலாம், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. அந்த வழியில் போவதாக இருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அரசு அங்கீகார மையத்தில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

பயண இன்சூரன்ஸில் பொடி எழுத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் பந்தயம், சாகச விளையாட்டு என்றால் பணம் கிடையாது என்று எழுதியிருக்கும். நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, 90 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உண்டா என்று நேராகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினேன். முதலில் கேட்ட இடத்தில் இல்லை என்றார்கள், இரண்டாவது இடத்தில் கூடுதல் பணம் கட்டி வாங்கினேன்.

7. மொத்தச் செலவு

டிக்கெட் எழுபத்தைந்தாயிரத்தை ஒட்டி. டர்பனில் ஆறு இரவு ஹோட்டல், இருவர் பகிர்ந்ததில் என் பங்கு இருபத்தைந்தாயிரம். பதிவுக் கட்டணம், விசா, இன்சூரன்ஸ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். பயிற்சியில் தேய்ந்த ஷூ இரண்டு ஜோடி, ஜெல், உப்பு, தகுதி ஓட்டப் பயணம், இவை கண்ணுக்குத் தெரியாமல் முப்பதாயிரத்தை விழுங்கின. அங்கே சாப்பாடு, டாக்ஸிக்கு இருபதாயிரம் போட்டால், ஆக மொத்தம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. டர்பன் ஹோட்டல்கள் அந்த வாரம் நிரம்பிவிடும், பதிவு கிடைத்த அன்றே ரத்து செய்யக்கூடிய அறையைப் போட்டு வையுங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள், முடிக்காமல் திரும்ப நேர்ந்தால் அந்தப் பாரம் தாங்காது.

8. கத்திரி வெயிலில் பயிற்சி

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். ஓட்டம் ஜூனில் என்பதால் நீண்ட பயிற்சிகள் எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் வந்து விழும். ஐந்து மணி நேர ஓட்டத்தை அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் முடிக்கும்போது பத்து, அந்த வெயில் ஆளைச் சாய்த்துவிடும். நாங்கள் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கி, இரண்டரைக்கு எழுந்து, மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெண்கள் அந்த நேரத்தில் தனியாக ஓட வேண்டாம், குறைந்தது மூன்று பேர், முன்னும் பின்னும் மினுக்கும் விளக்கு, கூடவே ஒருவர் பைக்கில் தண்ணீரோடு. நாய்களுக்குப் பயந்தாவது கூட்டமாகப் போவீர்கள்.

ஜனவரியிலிருந்து ஓட்ட நாள் வரை நான் ஓடியது சுமார் 1,100 கிலோமீட்டர். அதிகபட்ச ஒற்றை ஓட்டம் 56, அதை மே முதல் வாரத்தில் முடித்து, பிறகு படிப்படியாகக் குறைத்தேன். சென்னையில் மேடு இல்லை, மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் கொஞ்சம் பழகும், ஆனால் தொடைக்குத் தேவையான இறக்கம் கிடைக்காது. மாதம் ஒரு முறை ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய்க் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறி, நிதானமாக ஓடி இறங்குங்கள். முதல் தடவை இறங்கிய மறுநாள் எனக்குப் படிக்கட்டு இறங்க முடியவில்லை, நான்காவது தடவை ஒன்றும் தெரியவில்லை. டவுன் ரன்னுக்கு நான் செய்த பயிற்சிகளிலேயே உருப்படியானது இதுதான்.

நடக்கவும் பழகுங்கள். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் வேக நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்தேன். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன் நடப்பது வேறு.

காய்ச்சல் வந்தால் நிறுத்துங்கள். சாதாரண ஃப்ளூவாக இருந்தாலும் அதோடு நீண்ட தூரம் ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரலாம், அது உயிரை எடுக்கும். ஓட்டத்துக்கு முந்தைய வாரம் காய்ச்சலோ, ஆன்டிபயாடிக்கோ என்றால் இரண்டு லட்சம் போனாலும் போகட்டும், ஓடாதீர்கள்.

9. ஆளை முடக்கும் விஷயங்கள்

தண்ணீர் குறைவாகக் குடித்தால்தான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறோம். மெதுவாக, பத்து பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிறவர்களுக்கு அதிகமாகக் குடிப்பதும் அதே அளவு ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். ஓட்டக்காரர்களுக்கு இப்படி நேர்கிறது என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டதே 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண் நிலைகுலைந்து விழுந்ததற்குப் பிறகுதான். மெலிந்த உடம்பும் மெதுவான வேகமும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல், அதாவது என்னைப் போன்றவர்களுக்கு.

அடையாளம் என்ன என்று நான் கண்ணால் பார்த்தேன். பைன்டவுன் பக்கம் ஒரு மனிதர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். விரல் இரு பக்கமும் பிதுங்கி மோதிரம் உள்ளே புதைந்திருந்தது, வாட்ச் பட்டையின் அச்சு மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன், என்னைப் பார்த்துச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டதற்கு, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பாக்கெட் தண்ணீர் குடித்தேனே, ஏன் தலை வலிக்கிறது என்றார். தண்ணீர் மேசை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். மருத்துவக் குழு வந்து அழைத்துப் போகும்வரை கூட நின்றேன். அந்த ஆறு நிமிடத்துக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போங்கள். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரல் வீக்கம், வாந்தி, தலைவலி, குழப்பம் இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது சிறுநீரகம். நீண்ட ஓட்டத்தில் சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். அதோடு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடும். நம் ஊரில் முழங்கால் வலித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் இருக்கிறது, ஓட்டத்துக்கு முந்தைய நாளிலிருந்து மறுநாள் வரை அதைத் தொடவே கூடாது. சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால், அல்லது முடித்துப் பல மணி நேரம் ஆகியும் போகவே இல்லை என்றால், தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூன்றாவது தட்பவெப்பம். ஜூன் அங்கே குளிர்காலம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விடிகாலை பத்து டிகிரிக்கும் கீழே போகும், டர்பனுக்குள் இறங்கும்போது இருபத்தைந்தைத் தாண்டும். சென்னைக்காரர்கள் வெயிலைச் சமாளித்துவிடுவோம், அந்தக் காலைக் குளிர்தான் நம்மை வாட்டும். குளிரை லேசாக எடுக்காதீர்கள், 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிரும் மழைக் காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள். காம்ரேட்ஸ் அந்த மாதிரி மலைப் பாதை கிடையாது, உதவி பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் கூடாரம் வந்ததும் உள்ளே போக நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். எந்த அடையாளம் கண்டால் நிறுத்துவேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டி, இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். எழுபதாவது கிலோமீட்டரில் யோசிக்கும் மூளை இருக்காது.

10. டர்பனில் ஓட்டத்துக்கு முந்தைய நாட்கள்

ஓட்டம் ஞாயிறு என்றால் புதன்கிழமைக்குள் போய்ச் சேருங்கள். பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்க பாஸ்போர்ட்டோடு நேரில் எக்ஸ்போவுக்கு, அதாவது ஓட்டத்துக்கு முன் நடக்கும் கண்காட்சிக்குப் போக வேண்டும், ஓட்ட நாளில் தர மாட்டார்கள். பாதையைச் சுற்றிக் காட்டும் பஸ் கிடைத்தால் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள், ஃபீல்ட்ஸ் ஹில்லை ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்தது எனக்கு உதவியது. அங்கே ப்ளக் நம் வீட்டு கீசர் ப்ளக் போலப் பெரிய மூன்று உருண்டை முள், அடாப்டர் இல்லாமல் வாட்சுக்கு சார்ஜ் போட முடியாது. இருட்டிய பிறகு தனியாக நடக்கவோ ஓடவோ வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. டர்பன் முழுக்க கோவெண்டர், பிள்ளை, மூட்லி, நாயுடு என்ற பெயர்கள்தான், தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவைக் கட்டாயம் சாப்பிடுங்கள், ஆனால் ஓட்டம் முடிந்த பிறகு. அந்தக் காரம் முதல் நாள் வயிற்றுக்கு ஆகாது. நான் வெள்ளைச் சோறு, தயிர், உருளைக்கிழங்கு என்று மூன்று நாள் ஓட்டினேன்.

கால் நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். ஷூ அரை அளவு பெரிதாக, ஏற்கெனவே நூறு கிலோமீட்டராவது ஓடியதாக இருக்கட்டும்.

11. ஓட்ட நாள்

டவுன் ரன்னுக்கு டர்பனிலிருந்து பஸ் நடுராத்திரி தாண்டிக் கிளம்பும், நான் ஏறியது இரண்டரை மணிக்கு. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், ஓட ஆரம்பித்ததும் ஓரமாகக் கழற்றி வீசிவிடுங்கள், ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். சிட்டி ஹால் முன்னால் தேசிய கீதம், அப்புறம் ஷோஷோலோஸா என்ற அந்த ஊர்ப் பாட்டு. ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் அடித்தொண்டையில் பாடும்போது எனக்குக் காலிலிருந்து தலைவரை நடுங்கியது, குளிரால் இல்லை. பிறகு சேவல் கூவும் சத்தம், துப்பாக்கி.

தண்ணீரைப் பாக்கெட்டில்தான் தருவார்கள், நம் ஊர் தண்ணீர் பாக்கெட்டின் குட்டி வடிவம். மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். காலி பாக்கெட் மேல் கால் வைத்தால் வழுக்கும், மேசை முடியும் இடத்தில் பார்த்துப் போங்கள். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆரஞ்சு, கோக் எல்லாம் கிடைக்கும். புதிதாக எந்த ஜெல்லையும் அன்றைக்கு வாயில் வைக்காதீர்கள்.

குறிப்பிட்ட நேரம் அறிவித்து ஓடும் குழுக்களை அங்கே பஸ் என்பார்கள், முன்னால் ஓடுகிறவர் டிரைவர். தடுமாறினால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள், பாடுவதிலும் கைதட்டுவதிலும் நேரம் போகும். ஆனால் டிரைவரின் வேகம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். வழியில் சில இடங்களில் கட் ஆஃப் இருக்கிறது, நேரம் தாண்டினால் நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரங்களைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டேன்.

இன்சாங்கா பக்கம் எதெம்பெனி என்ற பள்ளி. மாற்றுத்திறன் குழந்தைகள் வீல் சேரிலும் ஊன்றுகோலிலும் ரோட்டோரம் வரிசையாக நின்று கை நீட்டுவார்கள். அங்கே மெதுவாகப் போய் ஒவ்வொரு கையையும் தொட்டேன். ஒரு சிறுமி என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, சின்ன, வியர்த்த கை. கடைசியில் அவளே விட்டாள். இரண்டு நிமிடம் போனது, அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் திட்டத்திலும் சேர்த்து வையுங்கள்.

வெஸ்ட்வில் அருகே என் பிப்பில் இருந்த பெயரைப் பார்த்து ஒரு பாட்டி "வணக்கம்மா" என்றார். அதற்குமேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. எனக்கும் அப்போது பேச்சு வரவில்லை.

12 மணி ஆனதும் ஒருவர் கோட்டின் மேல் நின்று, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி துப்பாக்கியைச் சுடுவார். அப்போது நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்கு இருபது அடி தூரத்தில் ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு மெடல் இல்லை. அந்தக் காட்சி கண்ணில் இருப்பதால்தான் தொடக்கத்தில் போகிற ஏழு நிமிடத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

12. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள், ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். பத்து நிமிடம் நடங்கள், முடியாவிட்டால் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு உப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள். அன்றிரவு ஃப்ளைட் பிடிக்காதீர்கள், கால் ரத்தக் கட்டி அபாயம் உண்டு, குறைந்தது ஒரு முழு நாள் விட்டு, ஓரச் சீட் வாங்கி, மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். படிக்கட்டைப் பின்பக்கமாக இறங்கினால் வலி குறைவு.

ஊர் வந்து ஒரு வாரத்தில் கிரியாட்டினின் மறுபடி பாருங்கள். மூன்று வாரம் ஓட வேண்டாம், நடந்தால் போதும். அந்த மூன்று வாரத்தில் காரணமில்லாமல் மனசு வெறிச்சென்று இருக்கும், பலருக்கும் நடக்கிறது, வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் முறையையும் அடுத்த முறையையும் தொடர்ந்து இரண்டு வருஷத்தில் முடித்தால் தனியாக ஒரு மெடல் தருகிறார்கள், அந்த ஆசையில் உடனே பதிந்துவிடத் தோன்றும். பதிவு அக்டோபரில்தான். அதுவரை எதற்கும் பணம் கட்டாதீர்கள்.